வெள்ளித் தட்டில் படிந்த மூச்சு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய் அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்க்கிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்து முடித்ததும் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்கள் என்று தெரியும், மற்றவர்கள் சொன்னபோது நானும் அதைத்தான் நினைத்தேன். சாகுபுரம் கெமிக்கல் தொழிற்சாலையில் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன், குடியிருப்பும் அங்கேதான். எதில் எவ்வளவு ஈரம், எதில் எவ்வளவு கலப்படம் என்று அளந்து சொல்வதுதான் தொழில். பிறந்து வளர்ந்தது நாசரேத். வீட்டில் காலையும் மாலையும் ஜெபம் உண்டு, பேய்க்கதை கிடையாது, யாராவது சொன்னால் அப்பா செருமுவார், அவ்வளவுதான், பேச்சு நின்றுவிடும்.

எனக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன வெள்ளித் தட்டுகள். பூ வேலை செய்த பழத்தட்டு, கூடை மாதிரி கைப்பிடி வைத்த மிட்டாய்த் தட்டு, ஓரமெல்லாம் திராட்சைக்கொடி ஓடுகிற பெரிய தாம்பாளம், இப்படி. எங்கள் ஆலயத்தில் அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவார்களே, அங்கே தொடங்கியது இது. யாரோ ஒரு பாட்டியம்மா காணிக்கையாகக் கறுத்துப் போன ஒரு சின்னத் தட்டைக் கொண்டு வைத்திருந்தார். அன்றைக்கு இருந்த சண்டை முழுவதும் ஒரு கொண்டைச் சேவலுக்கு, தட்டைக் கேட்க நாதியில்லை, பாவமாக இருக்கிறதே என்று நான் கேட்டேன், கிடைத்துவிட்டது. வீட்டில் கொண்டுவந்து துடைத்தால் பின்பக்கம் ஒரு குட்டிச் சிங்கம் நடந்துகொண்டிருக்கிறது. அது இங்கிலாந்தில் சோதித்த சுத்த வெள்ளி என்பதற்கு அடையாள முத்திரை என்று பிறகுதான் தெரிந்தது. அந்தச் சிங்கம் என்னைப் பிடித்துக்கொண்டது. தூத்துக்குடிப் பக்கம் பஞ்சுக் கம்பெனி, கப்பல் கம்பெனி என்று துரைமார் இருந்த ஊரல்லவா, தேடினால் கிடைக்கும்.

இந்தத் தட்டு சேர்க்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தட்டைக் கையில் வாங்கியதும் முகத்துக்கு நேரே பிடித்து வாயை அகலத் திறந்து ‘ஹா’ என்று ஊதுவோம். மூச்சின் ஈரம் படிந்து வெள்ளி மங்கும், பனிக்கும் என்போம். முன்பு யாராவது பேரோ குடும்ப முத்திரையோ வெட்டியிருந்து அதைத் தேய்த்து அழித்திருந்தால், சாதாரணமாகப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது, அந்தப் பனிப்பில் ஒரு நொடி எழும்பி வந்து மறையும். இதில் மாயம் ஒன்றுமில்லை, வெட்டுப்பட்ட உலோகம் தேய்த்த பிறகும் பக்கத்து உலோகம் மாதிரி ஆகாது. என் கணவர் தேவதாஸ் இதைப் பார்க்கும்போதெல்லாம், “ஏளா, தட்டுக்கு உயிர் குடுக்கியா?” என்று கிண்டல் செய்வார். அவர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், கிண்டலுக்கு நேரம் நிறைய உண்டு.

மிக்கேல் அண்ணாச்சி தூத்துக்குடியில் பழைய சாமான் வாங்கி விற்கிறவர். கப்பல் மணி, பழைய வீட்டுக் கதவு, பீங்கான் ஜாடி, எது வந்தாலும் வாங்குவார், வெள்ளி வந்தால் எனக்குப் போன் வரும். ஒரு நாள் அவரே நேரில் வந்துவிட்டார்.

“எஸ்தரம்மா, இதப் பாத்தா விடமாட்டிய.”

துணியைப் பிரித்தார். சிப்பி வடிவத்தில் ஒரு தட்டு. உள்ளங்கையைக் குவித்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான், அடியில் மூன்று குட்டிக் கால்கள், விசிறி மடிப்பு மாதிரி வரிகள். வெண்ணெய் வைக்கிற தட்டு. படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் கண்கூசுகிற மாதிரி மின்னியது.

“என்ன அண்ணாச்சி, பாலிஷ் போட்டியளா?”

“பின்ன? கருகருன்னு கெடந்துச்சும்மா. உள்ள வேற ஆணியால கீறுன மாதிரி கோடு கோடா. பட்டறைல குடுத்து மெஷின்ல ஒரு ஓட்டு ஓட்டுனேன். இப்பப் பாருங்க, புதுப்பொண்ணு மாதிரி இருக்கா.”

பழைய வெள்ளியை மெஷினில் கொடுப்பது எங்களுக்குப் பெரிய பாவம். அதை அவரிடம் எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது, அவருக்கு மின்னினால்தான் வெள்ளி. திட்டிக்கொண்டே வாங்கி, வழக்கம்போல ‘ஹா’ என்று ஊதினேன். உள்பக்கம் முழுவதும் சின்னச் சின்னச் சிலுவைகள் எழும்பின. தொழில் தெரிந்தவன் வெட்டியது இல்லை, யாரோ வீட்டில் ஊசியோ ஆணியோ வைத்துக் கீறியது, ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் கை. பிறகு மறைந்துவிட்டன. தட்டு யார் வீட்டுடையது என்று கேட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தூத்துக்குடி போனேன், தட்டின் கதை தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது.

கடற்கரைப் பக்கம் ஒரு சந்தில் வீடு. பிலோமி அக்கா என்று கூப்பிடுகிறார்கள், அறுபது வயதுக்காரர், கணவர் கப்பலில் வேலை பார்த்தவர், இறந்துவிட்டார். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் அவருடைய பாட்டனாருக்கு அப்பா தோணி வைத்திருந்தாராம், ஊருக்குத் திரும்பின ஒரு துரை கொடுத்துவிட்டுப் போன தட்டாம் அது. நான் சிலுவைகளைப் பற்றிக் கேட்டேன்.

“அதத்தான் அழிச்சிட்டானே அந்த மிக்கேலு. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

ஊதினால் தெரியும் என்றேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

“எங்க வீட்டுல மூச்சுத் தங்காத பிள்ள பொறந்தா, கோயிலுக்குத் தூக்கிட்டு ஓட நேரம் இருக்காதும்மா. யாரு பக்கத்துல நிக்காவளோ அவுகளே இந்தச் சிப்பியில தண்ணி மொண்டு தலையில ஊத்தி ஞானஸ்நானம் குடுத்துருவாவ. பொறவு உள்ள ஒரு சிலுவை கீறி வப்பாவ. பேரு வக்க நேரம் கெடச்சிருக்காதுல்லா.”

“இதுல குடுத்த பிள்ளைல ஒண்ணாவது பிழைச்சிருக்கா அக்கா?”

“ஒண்ணும் தங்கல.”

இதில் தட்டின் குற்றம் எதுவும் இல்லை என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். சாகப்போகிற பிள்ளைக்குத்தான் அதை எடுத்தார்கள், எடுத்ததால் பிள்ளை சாகவில்லை. ஆனால் அவருடைய மகள் ரெஜினாவுக்கு அப்படித் தோன்றவில்லை. திருச்சியில் கட்டிக்கொடுத்த பெண், இரண்டு தடவை கலைந்து மூன்றாவதாக உண்டாகியிருந்தாள், ‘அந்தத் தட்டு வீட்டுல கெடந்தா நான் பேறுகாலத்துக்கு வரவே மாட்டேன்’ என்று போனில் அழுதிருக்கிறாள். அதனால்தான் விற்றார்களாம். கிளம்பும்போது பிலோமி அக்கா வாசல்வரை வந்து, “உருக்கிராதிய என்ன?” என்றார். உருக்க மாட்டேன் என்று என் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இனிமேல்தான் நீங்கள் நம்பாத பகுதி. இரவு இல்லை, மழை இல்லை, மின்சாரம் போகவில்லை. ஆனி மாதம், சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து என் கணவர் சோபாவில் சாய்ந்துவிட்டார். வெளியே கச்சான் காற்று. அந்தக் காற்றை அனுபவித்தவர்களுக்குத் தெரியும், உதடு வெடிக்கும், கொடியில் போட்ட துணி விரிக்கும்போதே காய்ந்துவிடும், உப்பளத்துக்காரர்களுக்கு மட்டும் கொண்டாட்டம். நான் சாப்பாட்டு மேசையில் தட்டுகளைப் பரப்பித் துடைத்துக்கொண்டிருந்தேன். சிப்பித் தட்டின் உள்ளே ஒரு பொட்டு அளவுக்குப் பனித்தது. மறைந்தது. மறுபடி பனித்தது.

என் மூச்சுத்தான் என்று நினைத்து நாற்காலியைத் தள்ளிப் போட்டேன். பனித்தது. துணியில் ஈரம் இருக்கும் என்று ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். பனித்தது. மற்ற தட்டுகளெல்லாம் பக்கத்திலேயே சும்மா கிடக்கின்றன. வெள்ளி கருக்காமல் இருக்க வீட்டில் ஒரு கண்ணாடிப் பாத்திரம் வைத்திருக்கிறேன், ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்துகிற வகை, கனமான மூடி, அடியில் ஈரத்தை உறிஞ்சுகிற நீலக் குருணை, விளிம்பில் கிரீஸ் தடவி மூடினால் காற்றுகூட நுழையாது. ஈரம் பட்டால் அந்தக் குருணை நீலம் போய் ரோஸ் ஆகிவிடும். தட்டை அதற்குள் வைத்து மூடினேன். கண்ணாடிக்குள்ளே, எந்தக் காற்றும் போகாத இடத்தில், அந்தப் பொட்டு வந்து வந்து போனது. ஒவ்வொரு தடவையும் அதற்குள் ஒரு சிலுவை தெரிந்து மறைந்தது. குருணை கொஞ்சமும் நிறம் மாறவில்லை. ஆய்வுக்கூடத்தில் இந்த மாதிரி ஒரு முடிவை யாராவது கொண்டுவந்தால் போய்க் கையைக் கழுவிவிட்டு மறுபடி செய் என்று திருப்பி அனுப்பியிருப்பேன். நானும் கையைக் கழுவினேன், நம்பினால் நம்புங்கள்.

அப்போது பயமில்லை. எரிச்சல்தான். அந்தப் பனிப்பு ஒரே சீராக வரவில்லை, அதுதான் என்னை உறுத்தியது. வேகவேகமாக வரும், கொஞ்சம் நிற்கும், பிறகு ஒன்று பெரிதாக, பிறகு இரண்டு சின்னதாக. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது.

“எஸ்தரம்மா, நான் பிலோமி பேசுதேன். ரெஜினாவுக்கு இங்க தூத்துக்குடி ஆஸ்பத்திரில பிள்ள பொறந்துட்டு. நாள் ஆகல, இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு. பொம்பளப் பிள்ள. டாக்டரு ஒண்ணும் சொல்ல முடியாதுன்னுட்டாரு.” குரலை இறக்கி, “அந்தத் தட்டக் கொண்டாருதியளா? ரெஜினாவுக்குத் தெரியாண்டாம்” என்றார்.

எந்தப் பாத்திரத்தில் வேண்டுமானாலும் கொடுக்கலாமே அக்கா என்றேன். “பங்குச் சாமியாரும் அதத்தான் சொல்லுதாரு. எனக்கு மனசு கேக்கல. எங்க பிள்ளைவ எல்லாம் அதுலதான போச்சு, இவ மட்டும் தனியாவா போவா?” என்று அழுதார். சோபாவில் கிடந்த என் கணவரை எழுப்பினேன், பத்து நிமிஷத்தில் காரில் இருந்தோம்.

அவர் ஓட்டினார். தட்டு என் மடியில், ஒரு பூந்துவாலையில். ஆறுமுகநேரி தாண்டி ஆத்தூர் வரைக்கும் பனித்துக்கொண்டே வந்தது. ஏ.சி.யை நிறுத்தச் சொன்னேன், கண்ணாடியை இறக்கினேன், கச்சான் காற்று மணலோடு அடித்தது, அதற்கும் அசையவில்லை. அதற்குள் எனக்கு ஒன்று புரிந்துவிட்டது, புரிந்ததை நான் ஒப்புக்கொள்ளவில்லை. இந்தப் பனிப்பு வருகிறவரை அந்தப் பிள்ளை இருக்கிறது. இந்தத் தட்டை நான் அங்கே கொண்டுபோய்க் கொடுத்தால் எல்லாரும் கையைக் கழுவிவிட்டார்கள் என்று அர்த்தம். என் மடியில் பனித்துக்கொண்டிருக்கிற இதை எப்படி நான் கடைசி ஞானஸ்நானத்துக்குக் கொடுப்பேன்?

முக்காணியில் தாமிரபரணிப் பாலத்தில் ஏறும்போது நின்றுவிட்டது. நான் காத்திருந்தேன். பாலம் முழுக்கப் போயாகிவிட்டது, தட்டு பளிச்சென்று கண்ணாடி மாதிரி இருக்கிறது, என் முகம்தான் தெரிகிறது. என் வாழ்நாளில் சுத்தமான வெள்ளியை நான் அவ்வளவு வெறுத்ததில்லை. என்ன செய்கிறேன் என்று யோசிக்கவே இல்லை, கை தானாக உயர்ந்தது, முகத்துக்கு நேரே பிடித்து, அடிவயிற்றிலிருந்து எடுத்து, ‘ஹா’ என்று ஊதினேன்.

“ஏளா, என்ன செய்யுத?” என்றார் அவர்.

தட்டு முழுவதும் பனித்தது, எல்லாச் சிலுவைகளும் எழும்பி நின்றன. ஒரு நொடியில் மறைய வேண்டியது மறையவில்லை. ஓரத்திலிருந்து மெல்லச் சுருங்கிச் சுருங்கி நடுவில் ஒரு பொட்டாக வந்து நின்றது. பிறகு அந்தப் பொட்டு மறைந்து, மறுபடி வந்தது. மறுபடி வந்தது. இந்தத் தடவை சீராக. எனக்குத் தலை சுற்றி, காரை ஓரமாக நிறுத்தச் சொல்லி, கதவைத் திறந்து வாந்தி எடுத்தேன். மத்தியானம் சாப்பிட்ட மீன்குழம்பு என்றார் அவர். இருக்கலாம்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே பிலோமி அக்கா நின்றார். கையில் தண்ணீர் பாட்டிலில் தீர்த்தம். “கொண்டாந்தியளா? தாங்க” என்று கையை நீட்டினார். நான் தட்டை வைத்திருந்த பையை மார்போடு பிடித்துக்கொண்டேன்.

“தர மாட்டேன் அக்கா. பிள்ளைக்கு மூச்சு இருக்கு.”

“உள்ள பாத்தியளா நீங்க? இப்பத்தான வாரிய! நின்னுட்டுன்னு சொல்லி எல்லாரும் உள்ள ஓடுனாவம்மா! தண்ணி படாம போவட்டும்ங்கியளா?”

“தண்ணி ஊத்துங்க. உங்க கையால ஊத்துங்க. இது வேண்டாம்.”

அவர் என்னை அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். வெளியில் உள்ளவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கிறார்கள். ஒரு பாதகத்தியைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார், எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஒரு தட்டைக் கொடுக்க மனமில்லாத சேகரிப்புக்காரி என்று நினைத்திருப்பார். அப்போதுதான் நர்ஸ் பெண் கதவைத் திறந்துகொண்டு வந்து, “பாட்டி, பயப்படாதீங்க, நடுவுல கொஞ்சம் நின்னுச்சு, இப்ப தானா எடுக்குறா. நல்லா எடுக்குறா” என்றாள். நாள் ஆகாத குழந்தைகளுக்கு மூச்சு இடையில் நின்று பிறகு வருவது வழக்கம்தான், அதற்கு மருத்துவத்தில் ஒரு பெயரும் உண்டு, நான் பிறகு படித்துப் பார்த்தேன். பிலோமி அக்கா உள்ளே போய் உள்ளங்கையில் தீர்த்தத்தை எடுத்து, நர்ஸ் குழந்தை இருந்த கண்ணாடிப் பெட்டியைத் திறந்துகொடுக்க, நெற்றியில் தடவி ஞானஸ்நானம் கொடுத்தார். நான் பையைக் கீழே வைக்காமல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

குழந்தை தேறிவிட்டது. அமலி என்று பெயர். இப்போது ஐந்து வயது, ரெஜினா தூத்துக்குடிக்கே குடிவந்துவிட்டாள். பிலோமி அக்கா என்னோடு பேச மாதக்கணக்கானது, பிறகு ஒரு கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் கொடுத்தனுப்பினார். தட்டைத் திருப்பித் தருகிறேன் என்றதற்கு வேண்டவே வேண்டாம், உங்களிடமே இருக்கட்டும் என்றுவிட்டார்கள்.

தட்டு அதன்பிறகு தானாகப் பனிக்கவில்லை. அடுத்த மாதம் ஒரு நாள் அதை எடுத்து நான் வழக்கம்போல ஊதினேன். ஒன்றும் படியவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு என்று கழுவினேன், ஸ்பிரிட் போட்டேன், ஊதினேன், வெள்ளி வெள்ளியாகவே இருந்தது. என் கணவரைக் கூப்பிட்டு ஊதச் சொன்னேன். நன்றாகப் பனித்தது, சிலுவைகள்கூடத் தெரிந்தன. மிக்கேல் அண்ணாச்சி ஊதினார், பனித்தது. மற்ற தட்டுகளில் என் மூச்சு படிகிறது, மூக்குக்கண்ணாடியில் படிகிறது, இந்த ஒன்றில் மட்டும் இல்லை. இதற்கு நான் எத்தனையோ காரணம் யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் நிற்கவில்லை.

அதுகூடப் போகட்டும். இந்த ஒரு வருடமாக எனக்கு இன்னொன்று வருகிறது. சும்மா உட்கார்ந்திருப்பேன், நாற்காலியில், கையில் பேனாவோடு. திடீரென்று மாடிப்படி ஏறினவள் மாதிரி மூச்சு வாங்கும். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு இதயம் நன்றாக இருக்கிறது, நுரையீரல் நன்றாக இருக்கிறது என்கிறார். முதல் தடவை எதற்கென்றே தெரியாமல் பிலோமி அக்காவுக்குப் போன் போட்டேன், அமலி என்ன செய்கிறாள் என்று கேட்டேன். “கடற்கரைல ஓடிப்பிடிச்சு விளையாடுதா, கூப்பிட்டாலும் நிக்க மாட்டேங்கா” என்றார். இப்போது எப்போது மூச்சு வாங்கினாலும் போன் போடுகிறேன். இதுவரை ஒரு தடவைகூட அவள் தூங்கிக்கொண்டோ சாப்பிட்டுக்கொண்டோ இருந்ததில்லை, எங்கேயாவது ஓடிக்கொண்டுதான் இருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது, எனக்காக இல்லை, எனக்கு வயது ஏறிக்கொண்டே போகிறதே, என் மூச்சு நின்றால் அவளுக்கு என்ன ஆகும் என்றுதான்.

வருகிற மாதம் அமலியின் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழாவாம். ஓட்டப்பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறாளாம். அன்றைக்கு லீவு சொல்லியிருக்கிறேன்.